மஞ்சள் பலகை எவ்வளவு தாங்கும்? இங்கிலாந்துக் கடைகளின் எச்சரிக்கைப் பலகைகள்: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் கடை, உணவகம், மண்டபம் என்று எதைத் திறந்தாலும், துப்புரவுச் சாமான் விற்பவரின் பட்டியலில் நான்கு வகைப் பலகைகள் கண்ணில் படும். ‘தரை ஈரம்’ என்னும் மஞ்சள் மடக்குப் பலகை. ‘ஆழமான நீர்’, ‘செங்குத்துப் பள்ளம்’ போன்ற ஆபத்துப் பலகை. ‘இங்கு நேரும் காயத்துக்கோ இழப்புக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல’ என்னும் கைகழுவல் பலகை. ‘அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்னும் மிரட்டல் பலகை. பிளாஸ்டிக்கின் தடிமன், ஒட்டும் பசை, வெயிலில் வெளுக்கும் வேகம் எல்லாம் இரண்டாம் பட்சம். ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அவருடைய வழக்கறிஞரின் கடிதம் வந்து சேரும் நாளில் இந்தப் பலகை எதற்கு உதவும் என்பதே இங்கே அளவுகோல். அதில் ஒன்று தேறுகிறது, ஒன்று இடத்தைப் பொறுத்துத் தேறுகிறது, ஒன்று சுவரை அடைக்கிறது, ஒன்று பெரும்பாலும் பொய் சொல்கிறது.

முதலில் சட்டம். இங்கிலாந்தின் தீங்கியல் சட்டத்தில் (ஒருவர் செய்த தீங்குக்கு மற்றவர் இழப்பீடு கேட்கும் சட்டம்) கவனக்குறைவு வழக்கு நான்கு கேள்விகளில் நிற்கும். கவனமாக இருக்கும் கடமை இருந்ததா, அது மீறப்பட்டதா, மீறியதால்தான் தீங்கு நேர்ந்ததா, நேர்ந்தது முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய வகைத் தீங்குதானா? கடமை என்ற முதல் கேள்விக்கு இன்றைய வடிவம் தந்தது 1932-இல், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு. கட்டடமோ நிலமோ மோசமாக இருந்து அதனால் தீங்கு வந்தால், 1957-ஆம் ஆண்டின் இடப்பொறுப்பாளர் சட்டம் முன்னுக்கு வருகிறது. (ஆங்கிலத்தில் ‘ஆக்குப்பையர்’ என்னும் இந்தச் சொல்லை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. தமிழில் அது நேரெதிரான ஆளைக் குறித்துவிடும்.) இடப்பொறுப்பாளர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை, இடத்தின் மீது போதிய கட்டுப்பாடு கைவசம் இருந்தால் போதும். 1966-இல் வீட் எதிர் லேக்கன் வழக்கில், மதுவிடுதியின் மேலாளரும் அதன் உரிமையாளரான மதுவடிப்பு நிறுவனமும் ஒரே நேரத்தில் இடப்பொறுப்பாளர்களாகக் கருதப்பட்டார்கள். ஆகவே வாடகைக் கடைக்காரர் ‘பலகை வைப்பது கட்டட முதலாளியின் வேலை’ என்று கைகட்டி நிற்க முடியாது.

அந்தச் சட்டம் கேட்பது இதுதான்: எதற்காக வரவழைக்கப்பட்டாரோ அந்தக் காரியத்துக்கு இடத்தைப் பயன்படுத்தும்போது வருபவர் நியாயமான அளவில் பத்திரமாக இருக்கும்படி, நியாயமான கவனம் எடுக்க வேண்டும். பத்திரமாக இருக்க வேண்டியவர் ஆள். இடம் பழுதில்லாமல் பளபளக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பலகைக்கு மரியாதை வருவது இந்த இடைவெளியில்தான். தரை ஈரமாகவே இருக்கலாம், ஆள் சுற்றிப் போக முடிந்தால் சரி. ஆனால் 2-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு உடனே ஒரு கடிவாளம் போடுகிறது. எச்சரித்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. அந்தச் சூழ்நிலையில் அந்த எச்சரிக்கையே வருபவரைப் பத்திரமாக்கப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இதை விளக்க 1963-இல் வெளியான ரோல்ஸ் எதிர் நேத்தன் தீர்ப்பில் நீதிபதி டென்னிங் பிரபு காட்டிய பாலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. வீட்டுக்குப் போக ஒரே ஒரு நடைபாலம், அது உளுத்துப்போயிருக்கிறது. ‘ஆபத்து’ என்று பலகை மாட்டினால் போதாது, ஏனென்றால் வருபவருக்கு வேறு வழியில்லை. இரண்டு பாலங்கள் இருந்து, உளுத்ததன் முன்னே ‘இதில் போகாதீர், மேலே நல்ல பாலம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் பொறுப்பு தீர்ந்தது. படித்த பிறகு என்ன செய்யலாம் என்று பலகை சொல்கிறதா, அதைச் செய்ய இடம் இருக்கிறதா? பலகை வாங்கும்போது கேட்க வேண்டியவை இவ்விரண்டுதான். கடைக்குள் நுழைய ஒரே வாசல், அந்த வாசல் முழுக்க ஈரம், நட்ட நடுவே மஞ்சள் பலகை என்றால் அது டென்னிங்கின் முதல் பாலம். கால் வைக்கப் பாதி வாசலைக் காயவிட்டு மறுபாதியைத் துடைத்தால் அது இரண்டாவது.

மஞ்சள் மடக்குப் பலகைக்கு வருவோம். நான்கில் உருப்படியானது இது. விலையும் சில பவுண்டுகள்தான். வாங்கும்போது எழுத்தைப் பார்க்காதீர்கள், படத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் வழுக்கும் மனிதர் இருக்கும் அந்தக் குறிக்கு, பாதுகாப்புக் குறிகளுக்கான ஐஎஸ்ஓ 7010 என்னும் சர்வதேசத் தரத்தில் டபிள்யூ 011 என்று எண். பணியிடப் பாதுகாப்புக் குறிகளுக்கான 1996-ஆம் ஆண்டு விதிகளின்படி எச்சரிக்கைக் குறி முக்கோணமாக, கறுப்பு ஓரத்துடன், பரப்பில் குறைந்தது 50 சதவீதம் மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டில் சிறிதாக ஒரு மஞ்சள் மூலை அச்சடித்து ‘அழகான வடிவமைப்பு’ என்று விற்பவற்றைத் தொடாதீர்கள். இரு பக்கமும் படம் இருக்க வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் வரும் கடைக்கு வெறும் எழுத்துப் பலகை அரைப் பலகைதான்.

பலகை தோற்கும் விதங்கள் எல்லாக் கடைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. ஈரத்தின் நடுவில் வைப்பார்கள். அதைப் பார்க்கும்போது கால் ஏற்கெனவே ஈரத்தில் இருக்கும். வைக்க வேண்டியது ஈரம் தொடங்குவதற்கு முன்னால். நடைவழி இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஒரு பலகை போதாது, இரண்டு வேண்டும். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் இந்தப் பலகையைத் தள்ளுவண்டி தள்ளி வருபவர் பார்க்கவே முடியாது, வண்டி மறைத்துவிடும். அகலமாக விரியும் காலே தடுக்கிவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு காலையில் வைத்து இரவில் எடுப்பது. நாள் முழுக்கக் காய்ந்த தரையில் நிற்கும் பலகையை வழக்கமாக வருபவர் கண்ணே பார்க்காது. விசாரணையின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார்: எப்போதும் நிற்கிற பலகை, இப்போது ஈரம் என்று எப்படிச் சொல்லும்?

அந்நாட்டின் உடல்நலப் பாதுகாப்பு ஆணையமும் பலகை எச்சரிக்கத்தான் செய்யும், ஆளைத் தடுக்காது என்கிறது. நன்றாகப் பிழிந்த மாப்பு துடைத்தாலும் வழவழப்பான தரையில் வழுக்கப் போதுமான மெல்லிய நீர்ப்படலம் மிஞ்சும் என்பதும் அதன் வழிகாட்டலில் உள்ளதே. ஆகவே சிறிய சிந்தலுக்கு மாப்பைத் தொடாமல் காகிதத் துணியால் ஒற்றி எடுப்பது நல்லது. ஒரு குவளை பாலுக்காக நாலு சதுர மீட்டரை நனைப்பானேன்? முழுத்தரையைக் கழுவுவதைக் கடை அடைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பகுதி பகுதியாகக் கயிறோ தடுப்போ கட்டிச் செய்யுங்கள்.

பலகையைவிட முக்கியமான பொருள் ஒன்றை அந்தப் பட்டியல்கள் விளம்பரப்படுத்துவதில்லை: கோடு போட்ட ஒரு நோட்டு. 1976-இன் வார்டு எதிர் டெஸ்கோ வழக்கு ஏன் இன்னும் ஓதப்படுகிறது என்றால் இதற்காகத்தான். அந்தப் பல்பொருள் அங்காடியின் லிவர்பூல் கிளை ஒன்றில் தரையில் கொட்டிக் கிடந்த தயிரில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தார். நாளுக்கு ஐந்தாறு முறை பெருக்குகிறோம், சிந்தலைப் பார்த்தவர் அங்கேயே நின்று, துடைக்க ஆளைக் கூப்பிட வேண்டும் என்று ஊழியருக்குச் சொல்லியிருக்கிறோம் என்றது கடை. வாரத்துக்குப் பத்து முறை சிந்துகிற இடம் அது. தயிர் எவ்வளவு நேரம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாதது வாடிக்கையாளரின் குற்றமல்ல, முறையான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டியது கடைதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை சொன்னது. கிடைத்த இழப்பீடு 137 பவுண்டு 50 பென்ஸ். தொகை சிறிது, பாடத்துக்கு அரை நூற்றாண்டாக வயதாகவில்லை.

அதன் மறுபக்கம் 2008-இன் டெட்ஸ்டோன் எதிர் போர்ன் லெஷர். ஜக்கூசி என்னும் வெந்நீர்ச் சுழல் தொட்டி அருகே தேங்கியிருந்த நீரில் ஒருவர் விழுந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் அங்கே நீர் இல்லை, அப்படித் தேங்குவது வழக்கமும் இல்லை என்று நிறுவப்பட்டது. நிறுவனம் தப்பியது. எந்தப் பலகையும் அதைக் காப்பாற்றவில்லை. ஏற்பாடும் நேரக் கணக்கும் காப்பாற்றின.

நோட்டில் நான்கு பத்தி போதும்: மணி, பார்த்தவர், கண்டது, செய்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அப்போதே எழுத வேண்டும். எல்லாம் சரியாக முழு மணிக்கும் அரை மணிக்கும், ஒரே மையில், ஒரே சாய்வெழுத்தில் இருந்தால் மாலையில் உட்கார்ந்து நிரப்பியது என்று குழந்தைக்கும் தெரியும். அப்படி ஒரு நோட்டு இல்லாமலிருப்பதே மேல். எவ்வளவு காலம் வைத்திருப்பது? காய வழக்கு தொடுக்க 1980-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக 3 ஆண்டு தருகிறது. விழுந்தவர் குழந்தை என்றால் அந்த 3 ஆண்டு 18 வயது நிறைந்த பிறகுதான் ஓடத் தொடங்கும், அதாவது 21-ஆம் பிறந்தநாள் வரை. குழந்தை விழுந்த நாளின் பக்கத்தைத் தனி உறையில் போட்டுப் பெயரெழுதி வைத்துவிடுங்கள்.

ஆபத்துப் பலகைகளின் கதை வேறு. இவற்றில் பெரும்பகுதி தேவையில்லாமல் வாங்கப்படுகிறது, தேவையான இடத்தில் இல்லாமலும் போகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தை எச்சரிக்க வேண்டியதில்லை என்பது இங்கிலாந்து நீதிமன்றங்களின் உறுதியான போக்கு. லைம் ரீஜிஸின் ‘காப்’ என்னும் பழைய துறைமுகச் சுவரில் பாசி படிந்த சரிவில் ஒருவர் வழுக்கி விழுந்த ஸ்டேப்பிள்ஸ் வழக்கில் (1995) வழுக்கும் என்பது விழுந்தவருக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததைப் பலகை திரும்பச் சொல்லியிருந்தால் எதுவும் மாறியிருக்காது. மூன்றாவது கேள்வியான ‘மீறியதால்தான் நேர்ந்ததா’ என்பதிலேயே வழக்கு தோற்றுவிடுகிறது. ஹார்ட்விக் ஹால் குளத்தில் ஒருவர் மூழ்கிய டார்பி எதிர் நேஷனல் டிரஸ்ட் (2001) இன்னும் நுட்பமானது. எலிக்காய்ச்சல் என்கிறோமே, அந்த நோய் பரவும் ஆபத்தையாவது எச்சரித்திருக்க வேண்டும் என்று வாதிடப்பட்டது. எச்சரிக்காத ஆபத்து வேறு, நேர்ந்த தீங்கு வேறு என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

1995-இல் செஷயரின் பிரீர்ட்டன் ஹீத் பூங்கா ஏரியில் குதித்து 18 வயது இளைஞர் கழுத்து முறிந்த டாம்லின்சன் எதிர் காங்கிள்டன் வழக்கில் நீந்தாதீர் என்ற பலகைகள் இருந்தன, எல்லாரும் மீறிக்கொண்டிருந்தார்கள். பூங்காவை நடத்திய உள்ளாட்சி மன்றம் கடற்கரை போன்ற மணற்பகுதியையே செடி நட்டு மூடத் திட்டமிட்டு, பணப் பற்றாக்குறையால் தள்ளிப்போட்டது. 2003-இல் பிரபுக்கள் சபை உள்ளாட்சி மன்றத்தின் பக்கம் தீர்த்தது. ஆழம் குறைந்த நீரில் தலைகுப்புறக் குதிப்பதன் ஆபத்து வயதுவந்தவருக்கு வெளிப்படை. சிலர் மீறுகிறார்கள் என்பதற்காக எல்லாருடைய கரையையும் அழிக்கத் தேவையில்லை என்றார்கள். ஆபத்துப் பலகை வியாபாரிகளுக்கு இந்தத் தீர்ப்பு நல்ல செய்தியல்ல.

ஆனால் இதிலிருந்து ‘பலகையே வேண்டாம்’ என்று முடிவுகட்டினால் 2016-இன் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் எதிர் டெய்லர் வந்து இடிக்கும். வைட் தீவின் கேரிஸ்புரூக் கோட்டையில் புல்மேட்டிலிருந்து இறங்கும் தடத்தின் கீழே, வறண்ட அகழிக்குள் செங்குத்தாக விழும் பள்ளம். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது. அங்கே ஒரு பலகை இருந்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. விழுந்தவரின் சொந்தக் கவனக்குறைவுக்காக இழப்பீடு பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான். ஆகவே வாங்கும் முன் வருபவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் கண் உயரத்தில் பாருங்கள். குழந்தை வரும் இடமென்றால் மண்டியிட்டுப் பாருங்கள். பள்ளம் தெரிந்தால் பலகை வீண்செலவு. தெரியாவிட்டால், கீழே விழும் மனிதரைக் காட்டும் டபிள்யூ 008 குறியைத் தடத்தின் தொடக்கத்தில் நடுங்கள். வெறும் ‘ஆபத்து’ என்ற ஒற்றைச் சொல் பலகைக்கு மதிப்பெண் கிடையாது. என்ன ஆபத்து, எங்கே என்று அது சொல்லவில்லை. வழக்கத்துக்கு மாறான, உள்ளே நுழைந்த உடனே விழக்கூடிய குழி என்றால் பலகையோடு தடுப்போ கூடுதல் அறிவிப்போ வேண்டும் என்று 1990-இன் ரே எதிர் மார்ஸ் தீர்ப்பு சொல்கிறது.

குழந்தைகளிடம் எந்தப் பலகையும் எடுபடாது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனம் குறைந்தவர்களாகவே இருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டும் எனச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. ஜாலி எதிர் சட்டன் (2000) இதற்குக் கசப்பான சான்று. குடியிருப்பு வளாகத்தில் கைவிடப்பட்ட உளுத்த படகு ஒன்றின் மேல் ‘ஆபத்து, உரிமையாளர் தவிர யாரும் தொடாதீர்’ என்று உள்ளாட்சி மன்றம் ஒரு சீட்டு ஒட்டியது. படகை மட்டும் அகற்றவில்லை. அதைப் பழுதுபார்க்க முட்டுக்கொடுத்துத் தூக்கிய 14 வயதுச் சிறுவன் மேல் படகு சாய்ந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தான். மன்றம் பொறுப்பானது. ஆபத்து என்று எழுதி ஒட்டத் தெரிந்தவருக்கு அது ஆபத்து என்று தெரியாது எனச் சொல்ல வாய்ப்பே இல்லை. ஒட்டிவிட்டு விட்டுவிட்ட பலகை, விழுந்தவருடைய சாட்சியாகிவிடும். பார்வையற்றவரையும் நினைவில் வைக்க வேண்டும். நடைபாதைக் குழியைப் பற்றிய ஹேலி வழக்கில் (1965), பார்வையற்றவர் தனியாக நடந்து வருவது எதிர்பார்க்கக்கூடியதே என்று பிரபுக்கள் சபை சொன்னது. கைத்தடி தட்டும் உயரத்தில் தடுப்பு இருந்தால்தான் அவருக்கு அது எச்சரிக்கை.

கைகழுவல் பலகையை விரித்துப் பேச வேண்டியதில்லை. வாங்காதீர்கள். கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடல் காயத்துக்குமான பொறுப்பை வணிகம் நடத்துபவர் அறிவிப்பு எழுதித் தட்டிக்கழிக்க முடியாது. 1977-இன் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைச் சட்டமும், நுகர்வோர் விஷயத்தில் 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 65-ஆம் பிரிவும் அந்தக் கதவை அடைத்துவிட்டன. வண்டி கீறல், மேலங்கி தொலைதல் போன்ற பொருள் இழப்புக்கு மட்டும் அறிவிப்பு நியாயமாக இருந்தால் கொஞ்சம் நிற்கும். அதனால் வாகன நிறுத்தத்தில் ஒன்று வைக்கலாம், அதுவும் வண்டி உள்ளே நுழையும் முன் படிக்கும்படி. தனி வீட்டுக்காரர் வணிகம் செய்யாதவரை 1957 சட்டம் தரும் பழைய சுதந்திரம் அவரிடம் இருக்கிறது, ஆனால் தன் வீட்டு வாசலில் அப்படி மாட்டுகிறவர் யார்? விவரம் தெரியாத வாடிக்கையாளர் பலகையை நம்பி உரிமை கோராமல் போய்விடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் பலர் இதை மாட்டுகிறார்கள். அவர் ஒரு வழக்கறிஞரிடம் பேசிய நாளோடு அந்தக் கணக்கு முடிந்தது.

மிரட்டல் பலகை இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் வெறுமனே நிலத்தில் அத்துமீறி நுழைவது பொதுவாகக் குற்றமல்ல, உரிமையியல் தவறு. ஆகவே ‘குற்ற வழக்கு’ என்று மிரட்டுவது அநேக இடங்களில் வெற்றுப்பேச்சு. ரயில் பாதை, குடியிருப்புக் கட்டடத்தில் குடியேறிவிடுவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அத்துமீறி வந்தவரைக் குறித்தும் இடப்பொறுப்பாளருக்கு ஒரு கடமை இருக்கிறது என்பதுதான் இந்தப் பலகையை வாங்குபவர் கவனிக்காதது. 1972-இல் ஹெரிங்டன் வழக்கில், ஓட்டையான வேலி வழியே நுழைந்து மின்சார ரயில் பாதையில் தீக்காயம் பட்ட சிறுவனுக்காகப் பிரபுக்கள் சபை பழைய இறுக்கமான விதியைத் தளர்த்தியது. 1984-ஆம் ஆண்டின் இடப்பொறுப்பாளர் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது. ஆபத்து இருப்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லது இருப்பதாகக் கருதக் காரணம் இருக்க வேண்டும், ஆள் அங்கே வரக்கூடும் என்று கருதக் காரணம் இருக்க வேண்டும், பாதுகாப்பு எதிர்பார்ப்பது நியாயமான ஆபத்தாக அது இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கடமை. நள்ளிரவில், நடுக்குளிர்காலத்தில் துறைமுகத்தில் குதித்தவர் ஃபோக்ஸ்டன் வழக்கில் (2003) இரண்டாவதில் தோற்றார்.

கடமை எழுந்தால் அதை நிறைவேற்ற எச்சரிப்பதோ, ஆளை விலகச் செய்வதோ போதும் என்று அந்தச் சட்டமே அனுமதிக்கிறது. அதனால் ‘உள்ளே வராதே’ என்று அதட்டுவதைவிட ‘கூரைக் கண்ணாடி எடை தாங்காது’ என்று காரணம் சொல்லும் பலகை இங்கே பல மடங்கு மதிப்புள்ளது. வேலியின் ஓட்டையை அடைக்காமல் பக்கத்தில் அதை மாட்டுவது மட்டும் கூடாது.

துப்புரவை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால், தகுதியானவரைத் தேர்ந்தெடுத்து வேலையையும் நியாயமான அளவு சரிபார்த்தவருக்குச் சட்டம் கைகொடுக்கும். ஆனால் எந்த வேலை என்று பார்க்கும். மின்தூக்கியின் பொறிமுறையைக் கட்டட உரிமையாளர் சரிபார்க்க முடியாது என்று 1941-இன் ஹேசல்டைன் வழக்கு ஒப்புக்கொண்டது. பனி படர்ந்த படிக்கட்டைச் சுத்தம் செய்ததைக் கண்ணால் பார்க்க எந்த நிபுணத்துவமும் வேண்டாம் என்று 1945-இன் ஹேஸ்டிங்ஸ் வழக்கு சொன்னது. ஈரத்தரையும் பலகையும் இந்த இரண்டாம் ரகம். வேலைக்காரர் போன பிறகு ஒரு நடை நடந்து பாருங்கள்.

யாராவது விழுந்துவிட்டால், ஆளைக் கவனித்த கையோடு செய்ய வேண்டியவை சில. பலகை நின்ற இடத்தை அசைக்காமல், விழுந்தவர் வந்த திசையிலிருந்து படம் எடுங்கள். எதிர்த்திசைப் படம் எதையும் நிரூபிக்காது. கேமராப் பதிவைத் தனியாகப் பிரதி எடுங்கள், பெரும்பாலான கருவிகள் சில வாரங்களில் அதன்மேலேயே பதிந்துவிடும். காப்பீட்டாளருக்கு அன்றே சொல்லுங்கள். 25,000 பவுண்டு வரையிலான பொதுப்பொறுப்புக் காயக் கோரிக்கைகள் இணையவாசல் வழியாக வரும்போது, பொறுப்பை ஏற்கிறாரா இல்லையா என்று சொல்லக் காப்பீட்டாளருக்கு 40 வேலைநாள்தான் அவகாசம். ஊழியருக்கான காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லாரிடமும் இருக்கும். வாடிக்கையாளர் விழுந்தால் உதவும் பொதுப்பொறுப்புக் காப்பீடு பெரும்பாலான தொழில்களுக்குக் கட்டாயமில்லை. நான்கு வகைப் பலகையையும் வாங்கிவிட்டு அதை எடுக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.